கெட்டிமேளத்துக்கு இருபத்தி நாலு வைத்தவன்

நல்லதை இன்னும் கொஞ்சம் நல்லதாக்க நினைப்பவனுக்கு நம் குடும்பங்களில் மரியாதையே கிடையாது. வேண்டுமென்றே கெடுத்தவனைக்கூட நாலு நாளில் மன்னித்துவிடுவார்கள். என்னை இருபது வருடத்துக்கு மேலாக மன்னிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

சுமதி அக்காவின் கல்யாணம் மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தை மாதத்துப் பெரிய முகூர்த்த நாள். பேசி வைத்திருந்த மேளக்காரர்கள், கோவளத்தில் இன்னும் பெரிய இடம் கிடைத்ததும் கழன்றுகொண்டார்கள். அப்பா திருக்கழுக்குன்றம், அச்சரப்பாக்கம் என்று அலைந்தும் வேறு ஆள் அகப்படவில்லை. (ஓடிப்போன அந்த மேளக்காரர்கள்மேல் இன்றுவரை யாருக்கும் கோபமில்லை. கவனியுங்கள்.) வீடே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்பா" என்று சொன்ன புண்ணியவான் நான். செங்கல்பட்டில் எங்கள் தெருவின் முதல் கம்ப்யூட்டர் என்னுடையது. அதில் நல்ல நாதஸ்வர சிடி ஒன்றை முழுதாக ஏற்றி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மேளமோ கம்ப்யூட்டரோ, இன்னாத்தையாவது வைங்க. தாலி ஏறும்போது ஒரு தும்மல், ஒரு அழுகச் சத்தம் என் காதுல வுழக்கூடாது. வுழுந்துச்சுன்னா என் மனசு தாங்காது. அப்பறம் வீட்டுல எது நடந்தாலும் உங்க பொண்ணத்தான் குத்தமா பாத்துகினே இருப்பேன்."

கெட்டிமேளம் கொட்டுவதே அதற்குத்தானே? அபசகுனமாக எந்தச் சத்தம் வந்தாலும் அமுக்கிவிட வேண்டும். அக்கா அந்த வீட்டில் நிம்மதியாக வாழ்வதும் வாழாததும் என் கையில் வந்து நின்றது. மானிட்டரைப் பச்சைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வேனில் போய் இறங்கினேன்.

காலையில் எல்லாம் பிரமாதம். மண்டபத்து மைக்செட்டில் கம்ப்யூட்டரை மாட்டியதும் நாதஸ்வரம் பொழிந்தது. பந்தி பரிமாறுகிறவர் வெளியே வந்து, மேளக்காரர்களுக்கு எங்கே இலை போடுவது என்று கேட்டார். அந்தப் பெருமையில்தான் பாட்டுப் போடும் சாப்ட்வேரின் செட்டிங்கைத் திறந்தேன். 'அவுட்புட் பிட் டெப்த்' என்று, ஒலியை எவ்வளவு நுணுக்கமாகக் கொடுப்பது என்பதற்கு ஒரு வரி இருந்தது. பதினாறு, இருபத்தி நாலு, முப்பத்திரண்டு. நான் இத்தனை நாளும் வெறும் பதினாறில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. சொந்த அக்காவின் கெட்டிமேளத்துக்குப் பதினாறா? பரீட்சையில் அதிக மார்க் வாங்கு, அதிகப் பவுன் போடு, அதிக வரிசை வை என்று சொல்லியே வளர்த்தார்கள். தங்கத்தில்கூட இருபத்தி நாலு காரட்தான் சுத்தம். இதில் மட்டும் சின்ன எண் போதும் என்று யாராவது எனக்குச் சொன்னார்களா? (சிடியில் இருப்பதே பதினாறுதான், அதை இருபத்தி நாலில் விட்டால் அரைப் படி பாலை ஒரு படிச் சொம்பில் ஊற்றிய கதைதான் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். பாலாவது சொம்பில் இருந்திருக்கும். எனக்கு அதுவும் இல்லை.)

பக்கத்தில் இருந்த மாமா பையன் குமார், "மச்சான், நல்லாத்தான பாடிகினு கீது? எதுக்கு நோண்டற?" என்றான்.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றேன். முப்பத்திரண்டு பேராசை என்று இருபத்தி நாலைத் தேர்ந்தெடுத்தேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள்.

ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். நான் தட்டினேன்.

இந்த சவுண்ட் கார்டுக்கு அந்த வடிவம் ஒத்துவராது என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. அதை மூடினேன். மறுபடி வந்தது. பழையபடி பதினாறு வைக்கலாம் என்றால் மணற்கடிகாரம் சுற்றத் தொடங்கிவிட்டது. ஒத்துவராத எண்ணை எதற்கய்யா பட்டியலில் வைத்தீர்கள்? இல்லாத பலகாரத்தை எந்த ஓட்டல்காரனாவது பலகையில் எழுதுவானா?

மண்டபத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை தாலியை அக்காவின் கழுத்தருகே கொண்டுபோய்விட்டு அப்படியே நின்றார். "மேளம் எங்கடா?" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

அப்போது ஹோமப் புகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவே தும்மினார். சாதாரணத் தும்மல் இல்லை. ஐயருக்கு முன்னால் இருந்த மைக் அதை வாங்கி மண்டபம் முழுக்கக் கொடுத்தது. மைக்கில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளையின் கை கீழே இறங்கிவிட்டது. அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துக் கண் கலங்கியது. தன் பிள்ளைக்குத் தானே கெடுதல் செய்துவிட்டோம் என்று நினைத்திருப்பார், பாவம். அக்கா வாழ்க்கை என்னால் போயிற்று என்று நிஜமாகவே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் குழந்தை தும்மினால் பெரியவர்கள் "நூறு" என்று ஆயுசைச் சொல்லி வாழ்த்துவார்கள். அதுவரை தலை குனிந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். மாமியாரைப் பார்த்து, "நூறு, அத்தை" என்றாள். மைக் அதையும் விடவில்லை. பிறகு மாப்பிள்ளையிடம், "உங்கம்மாவே ஆசீர்வாதம் பண்ணிட்டாங்க. கட்டுங்க" என்றாள்.

மண்டபமே கொல்லென்று சிரித்தது. அந்த அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். கைதட்டலும் விசிலும் கூரையைப் பிய்க்க, தாலி ஏறியது. மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகுதான் என் கம்ப்யூட்டருக்கு நாதஸ்வரம் நினைவு வந்தது.

அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி. ஊரில் எந்த மாமியாரும் மருமகளை இப்படித் தாங்கி நான் பார்த்ததில்லை. இதற்கு மூல காரணம் யார்? அந்த மௌனத்தை உண்டாக்கியது யார்? ஒருவராவது நன்றி சொன்னார்களா என்றால் இல்லை. ரசம் சரியாக இருக்கும்போது யாராவது உப்பு டப்பாவை எடுத்தால், "போதும், இருபத்தி நாலு வைக்காத" என்கிறார்கள். என் பெண்டாட்டியே சொல்கிறாள். அவள் அந்தக் கல்யாணத்தில் இல்லவே இல்லை.

போன மாதம் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் என்ன படித்திருக்கிறான், எங்கே வேலை என்று எல்லாரும் விசாரித்து முடித்தார்கள். அக்காவின் மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நல்லா ஓடிகினு இருக்கறத நோண்டற பழக்கம் எதுனா கீதா?"

பையன் மிரண்டுபோய் இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் காபி வந்தது.