வீரனாருக்கு நேர்ந்துவிட்ட டிரெய்லர்

வைரக்கண்ணு தன் டிரெய்லருக்கு மூன்றாவது பூட்டைப் போட்டுவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். சங்கிலி புளியமரத்தைச் சுற்றி வந்து, சக்கரத்துக்குள் நுழைந்து, முன்கொக்கியில் முடிந்திருந்தது. இனி இதைக் களவாட வேண்டுமானால் மரத்தோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும் என்று நினைத்தார். அடுத்த நிமிஷமே, மரத்தோடு தூக்கிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் வந்துவிட்டது. அவர் சுபாவம் அப்படி.

பாவம், பயப்படுவதற்குக் காரணமும் இருந்தது. போன ஆடியில் கொல்லையிலிருந்த போர் மோட்டாரின் கேபிளை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று வைரக்கண்ணு வரப்பில் உட்கார்ந்து அழுததை ஊரில் பாதிப்பேர் பார்த்தார்கள். மீதிப்பேருக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் வாங்கிய முதல் பெரிய பொருள் இந்தச் சின்ன டிரெய்லர். தன் மினி டிராக்டருக்கு ஏற்ற அளவில், பெரம்பலூர்ப் பட்டறைக்கு நாலு தடவை நடந்து, கூடவே நின்று செய்வித்தது. பச்சைப் பெயிண்ட், மஞ்சள் பட்டை, பின்கதவில் ஒரு மயில். மயிலுக்கு மூக்கைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார்கள் என்பதில் மட்டும் அவருக்கு மனத்தாங்கல் உண்டு.

பட்டறையில் நீளம் சொன்னார், உயரம் சொன்னார், மயில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றுகூடச் சொன்னார். தன் வீட்டு கேட்டின் அகலத்தை மட்டும் அளந்துகொண்டு போக மறந்துவிட்டார். டிராக்டர் உள்ளே போயிற்று. டிரெய்லர் ஒரு சாண் வித்தியாசத்தில் தெருவில் நின்றுவிட்டது.

பூட்டி வைக்கத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் பக்கவாட்டில், தெருவைப் பார்த்துக் கதவு வைத்த தகரக் கொட்டகை. கொட்டகையைப் போட்டவர் வைரக்கண்ணு. உள்ளே இருப்பதெல்லாம் அவர் மனைவி கலியம்மாளின் ஆட்சி. அவள் தலைவியாக இருக்கும் மகளிர் குழுவின் முந்திரிக்கொட்டை மூட்டைகள், கொட்டை உடைக்கிற கட்டைகள், போதாததற்கு வீரனார் கோயில் அண்டா, குண்டான், குத்துவிளக்கு எல்லாம் அங்கேதான்.

"ஏ கலியா, கொட்டாயில ஒரு ஓரமா வண்டிய வுட்டுக்கிறேனே."

"வுட்டுக்கங்க. வாரா வாரம் கொட்டை மூட்டைய ஒடையார்பாளையம் கொண்டுபோயி எறக்கிக் குடுங்க. காலியாவுற எடத்துல வண்டிய வுடுங்க."

"கொட்டையா? என் வண்டியிலயா? கொட்டைத் தோட்டுல கசியிற முந்திரிப்பால் பட்டா பெயிண்டு பொசுங்கிடும் புள்ள."

"தெனமும் எங்க கை பொசுங்குதே, அது தெரியலையா?"

"கையில மறுபடி தோலு வந்துரும். பெயிண்டு வருமா?"

கலியம்மாள் தன் கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் பேசி வந்த சேதத்தைவிட, பேசாமல் இருந்து வந்த சேதம்தான் அவருக்கு அதிகம். ஆனால் அன்று அவர் புத்தியெல்லாம் பூட்டில் இருந்தது. குழுப் பெண்கள் எப்போதும்போல மூட்டைகளைத் தலையில் சுமந்து பஸ்ஸுக்குப் போனார்கள்.

மறுவாரம் டீக்கடையில் யாரோ, ஆண்டிமடம் பக்கம் பூட்டோடு ஒரு டிரெய்லர் போய்விட்டது என்று சொன்னார்கள். வைரக்கண்ணு டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கழற்றினார். உருட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"என்னங்க இது?"

"சக்கரம்."

"சக்கரம்னு தெரியுது. கட்டிலுக்கடியில என்ன பண்ணுது?"

"பத்திரமா இருக்கு. ஒத்தச் சக்கரத்துல எவன் வண்டிய இழுத்துட்டுப் போவான்?"

"திருடனும் இழுக்க முடியாது, நீங்களும் இழுக்க முடியாது. அப்பறம் என்னத்துக்குங்க வண்டி?"

"காலையில மாட்டிக்குவேன். வேல முடிஞ்சா கழட்டிக்குவேன். ஒரு வேலையா அது?"

ஒரு வேலைதான். நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கலியம்மாள் அவரைக் குப்புறப் போட்டுத் தைலம் தேய்த்தாள். கோபமெல்லாம் அவள் கட்டைவிரலில் இருந்தது. வைரக்கண்ணு அம்மா அம்மா என்று முனகிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கிடா கண்ணில் பட்டது.

அது பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் வீரனாருக்கு நேர்ந்துவிட்ட கிடா. காதில் துளை, கழுத்தில் மஞ்சள் துணி. இரண்டு வருஷமாகக் கயிறு இல்லாமல் திரிகிறது. ஊரார் கடலையெல்லாம் தின்று கன்றுக்குட்டி அளவுக்கு ஆகிவிட்டது. அதன் வாலைத் தொட இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. சாமி பொருள்!

வைரக்கண்ணுவுக்கு இடுப்பு வலி அந்த இடத்திலேயே பாதி போய்விட்டது.

மறுநாள் காலை டீக்கடையில் போய் உட்கார்ந்தார். நாலு பேர் சேரும்வரை காத்திருந்தார்.

"வீரனாரு கனவுல வந்தாருய்யா. குதிரையில வந்து எறங்குனாரு. 'வைரக்கண்ணு, ஒன் டிரெய்லர எம் பேருல நேர்ந்து வுடு'ன்னாரு."

"டிரெய்லர்னேவா சொன்னாரு?"

"பின்ன, இழுவைப் பெட்டின்னா சொல்லுவாரு?"

மத்தியானத்துக்குள் பின்கதவில், மயிலுக்கு மேலே, 'வீரனாருக்கு நேர்ந்தது' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டார். கொக்கியில் மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழமும் கட்டினார். சக்கரத்தை மாட்டினார். மூன்று பூட்டையும் கழற்றி, சங்கிலியைச் சுருட்டிப் பரணில் போட்டார். கலியம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நெசமாவே வந்தாருங்களா?"

"சத்தியமா."

"வெள்ளக் குதிரையா?"

"வெள்ளையோ வெள்ளை."

"கையில அருவா இருந்துச்சா?"

"இல்லாமயா வருவாரு?"

"அப்ப சரிங்க."

அவள் உள்ளே போய்க் கற்பூரம் கொண்டு வந்து டிரெய்லருக்குக் காட்டினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இவள் இத்தனை சுலபமாக நம்புகிற ஆள் இல்லையே என்று வைரக்கண்ணுவுக்கு ஒரு சின்ன உறுத்தல். ஆனாலும் அன்று பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

வெயில் ஏறின பிறகுதான் எழுந்து வெளியே வந்தார். புளியமரம் இருந்தது. மரத்தடியில் டிரெய்லர் இல்லை.

"ஐயோ, என் வண்டி!"

அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. வேட்டி அவிழ்ந்து, கேபிள் போன அன்றைக்கு இருந்த அதே கோலத்தில் மனுஷன் நின்றார். பார்த்தவர்களுக்கே பரிதாபமாக இருந்தது. ஜெகதாம்பாள்தான் ஓடி வந்தாள்.

"அண்ணே, கத்தாதீங்க அண்ணே! அந்தா வருது பாருங்க!"

தெருமுனையில் டிரெய்லர் வந்துகொண்டிருந்தது. இழுத்து வந்தது கோயில் பூசாரியின் பவர் டில்லர். மேலே மகளிர் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. நடுவில், சாய்ந்து சௌகரியமாக, கலியம்மாள். உடையார்பாளையத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்புகிறார்கள்.

"யாரக் கேட்டுய்யா எடுத்தீங்க?"

பூசாரியின் பெயர் ஆண்டவர். அதனாலோ என்னவோ, ஊரில் அவர் சொல்லுக்கு மறுபேச்சுக் கிடையாது.

"வீரனாரக் கேட்டுத்தான். சாமி காலடியில பூப்போட்டுப் பாத்தோம். எடுக்கலாம்னு வெள்ளப்பூ வந்துச்சு."

"அது என் வண்டிய்யா!"

"நேர்ந்து வுட்ட கிடா ஒங்க கொல்லையில மேஞ்சப்ப வெரட்டுனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அது சாமி கிடா."

"இது சாமி டிரெய்லரு."

ஜெகதாம்பாளுக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன் பூசாரி, கிடாவ திருவிழாவுல வெட்டிருவோம். டிரெய்லர என்ன பண்றது?"

"அதுக்குக் கேஸ் கட்டரு வேணும்" என்றார் ஆண்டவர் யோசனையோடு.

வைரக்கண்ணு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பின்னாலேயே கலியம்மாள் வந்தாள். குரலில் தேன் வழிந்தது.

"இதுக்குப் போயி ஏங்க மனசொடஞ்சு போறீங்க? கனவு வரலன்னா வரலன்னு சொல்லிட வேண்டியதுதான? வீரனாரு குதிரைக்கு முன்னால நின்னு, 'நான் சொன்னது பொய்யி சாமி'ன்னு ஒரு வார்த்தை. வண்டி திரும்பவும் ஒங்க வண்டி. வாங்க, நானும் கூட வரேன்."

போனார்கள். எத்தனையோ தடவை கும்பிட்ட அதே வீரனார்தான். அன்றைக்கு மட்டும் விழி கொஞ்சம் கூடுதலாகப் பிதுங்கியிருந்தது. அருவாள் புதிதாகத் தீட்டிய மாதிரி இருந்தது. கேபிள் களவுபோன அன்று இதே இடத்தில் நின்று, 'திருட்டுப் பய கண்ணு அவிஞ்சு போவணும் சாமி' என்று தான் வேண்டிக்கொண்டது வைரக்கண்ணுவுக்கு ஞாபகம் வந்தது. பொய் சொன்னவனுக்கு எது அவியும் என்று தெரியவில்லை.

"சொல்லுங்க" என்றாள் கலியம்மாள்.

வைரக்கண்ணு கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"சாமி... ஒன் வண்டிய நல்லாப் பாத்துக்க."

பக்கத்தில் ஒரு இருமல் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

அங்கே வந்து நின்ற பூசாரி ஆண்டவர் அப்போதே தீர்ப்பும் சொல்லிவிட்டார். சாமி பொருள் தெருவில் நிற்கக் கூடாது. கோயில் அண்டா குண்டான் எங்கே இருக்கிறதோ அங்கேதான் டிரெய்லரும் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் டிரெய்லர் தகரக் கொட்டகைக்குள் போயிற்று. அங்கே ஏற்கெனவே இடம் ஒழித்து வைத்திருந்தது. டிரெய்லரின் நீள அகலத்துக்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு. சக்கரம் உருளாமல் இருக்கச் செங்கல். கோடு எப்போதோ போட்டுக் காய்ந்துபோயிருப்பதை வைரக்கண்ணு கவனித்தார். எப்போது என்று கேட்கவில்லை. இரும்புக் கதவு, கனத்த பூட்டு, சாவி கலியம்மாளின் இடுப்பில். இத்தனை பத்திரமாக அந்த வண்டி ஒருநாளும் இருந்ததில்லை.

கதவை மூடும் முன் டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தார். பெயிண்ட் பொசுங்கியிருக்கும் என்று பயந்துகொண்டே பார்த்தார். அடியிலிருந்து பக்கப் பலகைவரை இரட்டைத் தார்ப்பாய் விரித்து, ஓரம் மடித்துக் கட்டியிருந்தார்கள். ஒரு சொட்டுப் பால் படவில்லை. மயில் அப்படியே இருந்தது. பூட்டைப் போட்டுக்கொண்டிருந்த கலியம்மாளின் விரல்களில் மட்டும் தோல் உரிந்து கருத்திருந்தது. அன்றைக்குப் பெயிண்டையும் கையையும் பற்றித் தான் பேசின பேச்சு எத்தனை கேவலம் என்று நிஜமாகவே வெட்கப்பட்டார்.

"கலியா, அன்னிக்கு நான் அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது புள்ள."

"எனக்குத் தெரியும்ங்க. வுடுங்க."

அவள் அப்படிச் சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. கொஞ்சம் தைரியமும் வந்தது.

"நாளைக்குக் கொல்லைக்கு எரு அடிக்கணும். வண்டியக் குடேன்."

"சாமி வண்டியிலயா எரு? குழுவுல கேட்டுச் சொல்றேன். அதுக்கு முன்ன ஒண்ணு. பூசாரி டில்லரு மூச்சு வாங்குது, வாரா வாரம் இழுக்காதாம். நம்ம மினி டிராக்டருதான் வேணும்."

வைரக்கண்ணு நிமிர்ந்தார். மானம் என்று ஒன்று மிச்சமிருக்கிறதல்லவா?

"டிராக்டரெல்லாம் முடியாது. நான் டிரெய்லரத்தான் நேர்ந்து வுட்டேன். டிராக்டரு என்னுது!"

கலியம்மாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரிங்க. அதுக்குத் தனியா ஒரு கனவு காணப் போறீங்களா, இல்ல காலையில நீங்களே ஓட்டிட்டு வந்துடுறீங்களா?"