கார்டுக்கு நெற்றி எது?

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓடாது. சைக்கிள், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாமே சந்தனம் வாங்கிக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தன. 2006-ல் வாங்கிய கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் எப்படி விட்டுவிட முடியும்?

மகள் செல்வி அப்போது பாலிடெக்னிக் கடைசி வருஷம். அவள் வரைந்த கட்டடத்தை நாலு பக்கமும் திருப்பிக் காட்டச் சொன்னால் எங்கள் பழைய கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். திங்கட்கிழமை புராஜெக்ட் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் பாஸ் கிடையாது.

அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்த என் மச்சான் குமார் போனில் சொன்னான். "புதுசெல்லாம் வேணாம் மாமா. கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டா போதும். ஏ.ஜி.பி. ஸ்லாட்டுன்னு கேளுங்க. வேற வாங்கிட்டா உள்ள நுழையாது."

நான் எட்டாவது வரைதான். மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்துக்கும் ஒரு சாமியை நிறுத்தினேன். அம்மன், கணபதி, பெருமாள். சிதம்பரத்தில் பஸ் ஏறியதிலிருந்து கடலூர் வரை அதே ஜபம்.

திருப்பாதிரிப்புலியூர் கடையில், "எந்த ஸ்லாட்டுங்க?" என்றார் கடைக்காரர்.

"அம்மன் கணபதி பெருமாள்."

அவர் என் நெற்றிப் பட்டையைப் பார்த்தார். "சாமி படமெல்லாம் எதிர்க்கடைங்க."

விளக்கியதும் இரண்டு கார்டை எடுத்து வைத்தார். "ஃபேன் வச்சது விலை ஜாஸ்தி. வைக்காதது கம்மி."

"வைக்காததே குடுங்க. வீட்டுல மேல ஒண்ணு ஓடுது."

(இதை அவர் இன்னும் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ.)

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரைக்கூட அந்தப் பெட்டிக்கு மேலாகக் கை நீட்ட விடவில்லை. இறங்கியதும் நேரே நடராஜர் சன்னிதி. அப்புறம்தான் வீடு.

"இதுக்கு நெத்தி எதுங்க?" என்றாள் என் மனைவி, சந்தனக் கிண்ணத்தோடு.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கார்டின் அடி ஓரத்தில் மட்டும் தங்க நிறத்தில் வரிவரியாக மின்னியது. "இதுதான். ஏற்கனவே பட்டை போட எடம் விட்டிருக்கான் பாரு."

விபூதியைக் குழைத்து மூன்று கோடு. நடுவில் சந்தனம், குங்குமம்.

"குமார் மாமா வரட்டும்பா," என்றாள் செல்வி. யாருக்குப் பொறுமை? கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, அவன் போனில் சொன்ன இடத்தில் வைத்து அழுத்தி, சுவிட்சைப் போட்டேன்.

உள்ளேயிருந்து 'பீப்' என்று ஒரு நீளமான சத்தம், கூடவே இரண்டு குட்டிச் சத்தம்.

"மணி அடிக்குது, கற்பூரம் கொண்டா," என்றேன்.

கற்பூரம் எரிந்து முடிந்தது. திரையில் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. செல்வி அழவில்லை. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அழுதிருந்தால் தேவலை.

சாயங்காலம் குமார் வந்து கார்டைப் பிடுங்கினான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"ஏன் மாமா, கார்டு பழனிக்குப் போயிட்டு வந்துச்சா?"

"நெத்தியிலதான்டா வச்சேன்."

"அது நெத்தி இல்ல மாமா, வாய். அது வழியாத்தான் கம்ப்யூட்டரோட பேசும். வாய் நெறைய விபூதிய கொட்டிட்டு பேசலன்னா எப்படி?"

செல்வியின் பென்சில் டப்பாவிலிருந்து அழிரப்பரை எடுத்து, தங்க வரி தெரியும்வரை தேய்த்தான். மறுபடி செருகினான். திரை விழித்தது. அவள் கட்டடம் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வாசலைக் காட்டியது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை அவள் பாஸ்.

இன்றைக்கு அவள் வீட்டில் எது வாங்கினாலும் எனக்குப் போன் வரும். "அப்பா, நெத்தி எதுன்னு நாங்க பாத்து வச்சிட்டோம். நீங்க வந்து பொட்டு மட்டும் வைங்க."

போவேன். பூஜைத் தட்டை எடுத்துக்கொடுக்கும்போது என் மனைவி விபூதிக்குப் பக்கத்தில் மறக்காமல் ஓர் அழிரப்பரையும் வைப்பாள்.