மெல்லிய நூல் வாங்கச் சொன்னார் மாமா

ஒரு தொழில் தெரிந்த ஆளுக்கு அதன் பக்கத்து வீட்டுத் தொழிலும் தெரியும் என்ற நினைப்பு எப்படியோ வந்துவிடுகிறது. வேன் ஓட்டுகிறவர் விமானத்தில் ஏறினால் பைலட்டைக் குறை சொல்வார். எனக்கு அந்த வியாதி நூல் வழியாக வந்தது.

கண்டி டவுனில் எங்களுக்குத் தையல் சாமான் கடை. நூல், பட்டன், ஸிப், லேஸ். நூல் விஷயத்தில் அந்த வீதியிலேயே நான்தான் நிபுணன் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. நூலை இரண்டு விரலில் சுற்றி, காதுக்குப் பக்கத்தில் வைத்து வெடுக்கென்று இழுப்பேன். அறுகிற சத்தத்தை வைத்தே தரம் சொல்லிவிடுவேன். (சொன்னது சரியா என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் நீர்த்தேக்கத்தில் விழுந்திருக்க மாட்டேன்.)

எதிரே இருந்த வங்கியில் சுபாஷினி வேலை பார்த்தாள். முதலில் பட்டன் வாங்க வந்தாள். பிறகு வீட்டில் அத்தனை சட்டை இல்லாத அளவுக்குப் பட்டன் வாங்கினாள். கடைசியில் இரண்டு பேரும் வீட்டில் சொல்லிவிட்டோம். என் வீட்டில் சம்மதம். அவள் வீட்டில் அப்பாதான் எல்லாம். பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த இராமசாமி ஐயா. பெண் கேட்டுப் போன எங்கள் பெரியப்பாவிடம் அவர் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

"பையன வீட்டுல கதிரையில உக்கார வச்சுப் பாத்தா என்னங்க தெரியும்? எல்லாரும் நல்லாத்தான் உக்காருவாங்க. ஞாயித்துக்கிழமை என்கூட மீன் பிடிக்க அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

மனுஷனுக்கு மீன் பைத்தியம். வெளிநாட்டில் இருக்கும் மகன், ஆழத்தில் நீந்துகிற ஒரு பிளாஸ்டிக் மீனை அவருக்கு அனுப்பியிருந்தான். லூர் என்பார்கள். வாய்க்குக் கீழே நாக்கை நீட்டியது மாதிரி ஒரு தகடு இருக்கும். நூலைக் கட்டி இழுத்தால் தண்ணீர் அந்தத் தகட்டைத் தள்ள, லூர் தலைகுப்புற ஆழத்துக்குப் போகும். அங்கே படுத்திருக்கிற பெரிய மீன் இதைத் தம்பி என்று நினைத்தோ சாப்பாடு என்று நினைத்தோ கவ்வும். இராமசாமி ஐயா அந்த லூரை அலுமாரிக்குள் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம். அதை முதல் தடவையாகத் தண்ணீரில் இறக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை அவரே போன் எடுத்தார்.

"தம்பி, எங்கிட்ட இருந்த நூலு வெயில்ல இத்துப்போச்சு. வரும்போது கண்டியில வாங்கிட்டு வந்துருங்க. ஒல்லியான பின்னல் நூல். ஒல்லியா இருக்கணும், சரியா?"

"சரிங்க ஐயா. நூலப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம்" என்றேன். அந்தத் தைரியத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

தூண்டில் சாமான் கடைக்குப் போனேன். அவர் சொன்ன பின்னல் நூலைக் கையில் எடுத்ததும் சிரிப்பு வந்தது. நம் கடையில் கோட்டுக்குப் பட்டன் தைக்க இதைவிடத் தடித்த நூல் கொடுப்போம். வழக்கம்போல விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்தேன். நூல் அறவில்லை, விரல் வெட்டுப்பட்டது. மனுஷனை வெட்டுகிற நூல் ஆகாது என்று தீர்ப்பு எழுதி, அதை வைத்துவிட்டு, கடையிலேயே தடித்த தங்கூசி நூலை, அதுதான் பின்னாத ஒற்றை நைலோன் இழையை, எடுத்தேன். இடுப்பில் கட்டுகிற சாரம் நாலை ஈரத்தோடு காயப்போடலாம், அவ்வளவு தடிப்பு. பாவம், பெரியவருக்கு நூல் தெரியவில்லை, மருமகனாகப் போகிறவன்தான் இதையெல்லாம் பார்த்துச் செய்ய வேண்டும் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை திகனக்குப் போய், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் படகு ஏறினோம். படகு ரியாஸ் நானாவுடையது. திகனயில் கடை வைத்திருப்பவர், இராமசாமி ஐயாவின் பழைய கூட்டாளி. எனக்கு ஓர் ஆரஞ்சு நிற மிதவை அங்கியை மாட்டிவிட்டார். நூலைப் பார்த்ததும் இராமசாமி ஐயாவின் முகம் கொஞ்சம் இறங்கியது.

"தம்பி, நான் ஒல்லியா கேட்டேனே?"

"அது பலமில்லைங்க ஐயா. இது அறவே அறாதுங்க."

"நாம யானையா பிடிக்கப் போறோம்?"

வேறு வழியில்லாமல் அதையே சுற்றினார். தடித்த தங்கூசிக்குத் தன் பழைய சுருள் மறக்காது. எறிந்தவுடன் ஸ்பிரிங் மாதிரி துள்ளி வந்து அவருடைய தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் போட்டது. இரண்டாவது எறிதலில் லூர் ஒழுங்காக விழுந்தது. ஆனால் ஆழத்துக்குப் போகவேண்டிய சாமான், குளிக்க வந்த வாத்து மாதிரி மேலேயே ஆடிக்கொண்டு வந்தது. தடித்த நூலைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், லூரை இறங்க விடாது, அதனால்தான் ஒல்லியாகக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மேலயே வருதே" என்றார் ரியாஸ் நானா. "மீனுக்கு இத பாக்கணும்னா ஏணி வச்சி ஏறணும் போல ஈக்கிது."

இராமசாமி ஐயா தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தத் தடவலில் சுபாஷினி மெல்ல மெல்ல வேறொருவன் வீட்டுக்குக் குடிபோவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அங்கேதான் என் மூளை மறுபடியும் வேலை செய்தது. என் பையில் எப்போதும் சாம்பிள் நூல் கிடக்கும். அன்றைக்குக் கிடந்தது செருப்பு, சப்பாத்துத் தைக்கிற நைலோன் நூல். மெழுகு பூசியது, ஒல்லி, முரட்டுப் பலம்.

"ஐயா, இதப் பாருங்க. ஒல்லியும் இருக்கு, பலமும் இருக்கு" என்று நீட்டினேன். அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பி மிதந்துபோன திசையைப் பார்த்தார். பிறகு பெருமூச்சோடு வாங்கிச் சுற்றினார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், லூர் இறங்கியது. படகு மெதுவாகப் போக, பின்னால் நூல் கத்தி மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கீழே கீழே போனது. கோலின் நுனி அழகாக நடுங்கியது. இராமசாமி ஐயா அன்று முதல் தடவையாகச் சிரித்தார். கோலை என் கையில் கொடுத்து, "பிடிங்க தம்பி" என்றார். எனக்குத் தாலியையே கையில் கொடுத்தது போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வெடுக்கென்று ஓர் இழுப்பு.

"பெருசுங்க! பெருசு!" என்று எழும்பி நின்றுவிட்டேன்.

ரியாஸ் நானா இஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அல்லாஹ்வே, அது மீனில்ல தம்பி. கீழ பழைய டவுன் ஈக்கிது. எந்தச் செவரோ, எந்தக் கதவோ."

அணை கட்டும்போது அங்கிருந்த பழைய ஊர் தண்ணீருக்குள் போனது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆழத்துக்குப் போகிற லூர், ஆழத்தில் இருப்பதைத்தானே பிடிக்கும்?

"விடுங்க தம்பி. படக அந்தப் பக்கம் திருப்பி மெதுவா கழட்டலாம்" என்றார் இராமசாமி ஐயா.

நல்ல யோசனை. நான் கேட்டேனா? அவர் பொக்கிஷத்தை நானே மீட்டுக் கொடுத்துப் பெண்ணை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று கோலைக் கீழே போட்டேன். கை வெட்டுப்படாமல் இருக்கச் சட்டைக் கையை இழுத்துவிட்டு, நூலை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கடையில் சுற்றுகிற அதே சுற்று. அந்த நேரம் பார்த்துக் காற்று படகை ஒரு பக்கம் தள்ளியது. மூழ்கிய ஊர் என்னை மறுபக்கம் இழுத்தது. நடுவில் நான் கொஞ்ச நேரம் அந்தரத்தில் யோசித்தேன். பிறகு தொபுக்கடீர்.

அங்கி என்னை மேலே தூக்கியது, நூல் கீழே இழுத்தது. வாய் நிறையத் தண்ணீர்.

"நூல விடுங்க தம்பி!" இராமசாமி ஐயா கத்தினார்.

"அறாதுங்க ஐயா!" நானும் கத்தினேன். "பாருங்க, அறவே இல்லைங்க!" (உயிர் போகிற நேரத்திலும் சரக்கைப் பற்றிப் பெருமை. வியாபாரி ரத்தம்.)

"அறாதுன்னு தெரியுது, விட்டுத் தொலைங்க!"

"உங்க லூருங்க!"

"லூர் கெடக்கட்டும், மனுஷன் வாங்க!"

நான் விடவில்லை. கடைசியில் ரியாஸ் நானாதான் படகைக் கிட்டக் கொண்டுவந்து, கத்தியால் நூலை வெட்டி, என்னைச் சட்டைக் காலரில் பிடித்துத் தூக்கிப்போட்டார். மகன் அனுப்பிய லூர் எந்த வீட்டுக் கதவிலோ தொங்கிவிட்டது.

கரைக்கு வந்து, ரியாஸ் நானாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு, திகனத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். எதிரே இராமசாமி ஐயா. நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை. லூருக்கு மன்னிப்புக் கேட்பதா, தொப்பிக்குக் கேட்பதா என்றும் தெரியவில்லை. அவர் பிளேன் டீயை முழுவதும் குடித்து முடித்தார்.

"சொன்னா கேக்க மாட்டீங்க" என்றார்.

தலையாட்டினேன்.

"பிடிச்சா விடவும் மாட்டீங்க."

அதற்கும் தலையாட்டினேன். எல்லாம் முடிந்தது என்று கண் கலங்கிவிட்டது.

"என் வீட்டுலயும் ஒண்ணு அச்சு அசல் இப்படித்தான் இருக்கு. உங்களத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டு ரெண்டு மாசமா எங்கூடப் பேசாம இருக்கு. இத்தன வருஷமா தனியா மல்லுக்கட்டி நான் களைச்சுப்போனேன் தம்பி. கூட்டிட்டுப் போயிருங்க."

ரியாஸ் நானா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரரின் வடை கீழே விழுந்தது. நான் சிரிக்கவில்லை. சாரத்தோடு எழும்பி அவர் காலில் விழப் போனேன். "சாரத்தப் பிடிங்க, சாரத்தப் பிடிங்க" என்று அவர்தான் பதறினார்.

கல்யாணத்தன்று மேளக்காரர் தயாராக நிற்க, ஐயர் தாலியை எடுத்து நீட்டினார். மாமா என் காதில்தான் சொன்னார், ஆனால் ஹார்ட்வெயார் கடைக் குரலுக்கு இரகசியம் பேச வராது.

"கயிறு நான் போய்ப் பாத்து வாங்குனது, தம்பி. நீங்க முடிச்ச மட்டும் போடுங்க."

மண்டபமே சிரித்தது. ஐயருக்கு மட்டும் விளங்கவில்லை. சுபாஷினி குனிந்த தலையோடு குலுங்கிக்கொண்டிருந்ததால் மூன்று முடிச்சையும் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் துணி காயப்போடக் கொடிக்கயிறு வாங்குவதென்றால், சுபாஷினி என் நூல் கடைக்கு வந்து, என் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, எது நல்லது என்று பிலிமத்தலாவையில் இருக்கிற அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்கிறாள்.