மரியசூசை குனியாத கதை

இனிமேல் யாருக்கும், குறிப்பாகக் கட்டிய மனைவிக்கு, முதுகு வளைப்பதில்லை என்று மரியசூசை முடிவெடுத்தான். அந்த மகத்தான முடிவை எடுத்தபோது அவன் குப்புறப் படுத்திருந்தான். ராஜமேரி அவன் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஊரார் போனுக்கெல்லாம் உயிர் கொடுப்பான், அவன் போன் மட்டும் எந்நேரமும் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். பகலெல்லாம் கழுத்தைக் கவிழ்த்தே பிழைத்ததில் நாற்பது வயதுக்குள் கழுத்து போய்விட்டது. நிமிர்ந்து உட்காரச் சொன்னார் டாக்டர். அதற்கு ஒரு நல்ல நாற்காலி போதும். ஆனால் மரியசூசைக்கு எதையும் சின்னதாகச் செய்து பழக்கமில்லை. தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மல்யுத்தம் மாதிரி ஏதோ சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அங்கே ரஞ்சித்குமார் என்று ஒரு மாஸ்டர். பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் வித்தையில் அடி கிடையாது, குத்து கிடையாது. ஒருவன் மல்லாந்து படுத்து, எதிரே மண்டியிட்டிருப்பவனின் இடுப்பை இரண்டு காலாலும் பூட்டிக்கொள்வான். அந்தப் பூட்டுக்கு இங்கிலீஷில் பெயர் கார்டு, அதாவது காவல். மாட்டிக்கொண்டவனுக்கு மாஸ்டர் சொன்னது இதுதான்:

"முதுகு நேரா இருக்கணும். தலை நிமிந்திருக்கணும். கைய தரையில ஊனக் கூடாது. கீழ இருக்கறவன் உங்க தலையத்தான் இழுக்கப் பாப்பான். தலை போற பக்கம்தான் உடம்பு போவும். ஒருக்கா குனிஞ்சீங்கன்னா உங்க கழுத்து அவன் கக்கத்துல."

மற்றவர்கள் அதைப் பாடமாகக் கேட்டுக்கொண்டார்கள். மரியசூசை வேதவாக்காகக் கேட்டுக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து தான் இருப்பதே அந்தப் பூட்டுக்குள்தான் என்று அவனுக்கு உறைத்தது. ராஜமேரி இழுக்கிறாள், நான் குனிகிறேன், இவ்வளவுதானே குடும்பம்! குனியாவிட்டால் அவளால் என்ன செய்ய முடியும்?

அன்றிலிருந்து வீட்டில் அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். மோவாய் மேலே, நெஞ்சு முன்னே. சாப்பிடும்போதும் குனிவதில்லை, சோறு வாய்க்கு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான். பாதி ரசம் சட்டைக்குப் போனது.

"என்னாங்க, சிலிண்டர கொஞ்சம் நகத்தி வுடுங்க."

"குனிய மாட்டேன்."

"கட்டிலுக்கு அடியில வெளக்கமாறு கெடக்குது பாருங்க."

"போஸ்ச்சர் கெட்டுடும்."

"அது வர்றதுக்கு முன்னாடி நல்லாத்தான இருந்தீங்க?" என்றாள் ராஜமேரி.

அங்கன்வாடியில் நாளெல்லாம் குழந்தைகளை மேய்க்கிறவள் அவள். முரண்டு பிடிக்கிற பிள்ளையிடம் கத்திப் பயனில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையில் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பும் எடுக்கிறாள். ஆக, வாரத்தில் ஒரு நாளும் ஓய்வில்லாமல் பழகிய கை.

சிக்கல் வந்தது அவள் பிறந்த ஊர்த் திருவிழாவில். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன கிராமம். அந்த ஊர்க் கோயிலின் பாதுகாவலர் புனிதருக்கு எடுக்கும் திருவிழாவில் தேர் சுற்றி முடிந்ததும் ஊருக்கே பிரியாணி. அந்தப் பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பது ஊர் மாப்பிள்ளைகளின் வேலை. பெரிய வேலையில் இருக்கிற மாப்பிள்ளையானாலும் சரி, கோணி விரித்து உட்கார்ந்து உரிக்க வேண்டும். மரியசூசை வருசா வருசம் போவான், நாலு வெங்காயம் உரிப்பான், கழுத்தைப் பிடித்துக்கொண்டு மாமியார் கட்டிலில் போய்ப் படுத்துவிடுவான். இந்த வருசம் அந்த நாலு வெங்காயமும் இல்லை என்றான்.

"அன்னிக்கு சேலத்துல போட்டி. பேரு குடுத்துட்டேன்."

"திருவிழா அன்னிக்கா?"

"வீரனுக்கு ஏது திருவிழா?"

"எல்லா வூட்டு மாப்பிளயும் வந்திருப்பாங்க. உன் வூட்டுக்காரர் எங்கம்மான்னு ஊரே கேக்கும். நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

அவள் வருத்தம் உண்மையானதுதான். போன வருசமே அவள் அக்கா புருசன், உன் வீட்டுக்காரருக்குக் கட்டிலோடு சேர்த்துப் பிரியாணி கொடுக்கட்டுமா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தார். மரியசூசைக்கும் மனசு லேசாக இளகியது. உடனே மாஸ்டர் நினைவுக்கு வந்தார். இழுக்கிறாள், குனியாதே! மோவாயைத் தூக்கிக்கொண்டான்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவன் மரியசூசை இல்லையே.

"உன் தம்பி ஆண்டோவ வரச்சொல்லு. என்னக் காலால பூட்டட்டும். என் தலைய அவன் கீழ கொண்டாந்துட்டான்னா நான் வரேன். இந்த வருசம் மட்டுமில்ல, உசுரு இருக்கற வரைக்கும் வரேன். மூச்சு காட்டாம உரிக்கறேன். பூண்டையும் சேத்து உரிக்கறேன்."

"கட்டில்ல போயி படுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன். ஆனா நான் ஜெயிச்சிட்டா, ஆயுசுக்கும் அந்த வெங்காய மூட்டப் பக்கம் என்னக் கூப்புடக் கூடாது."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா."

"சரிங்க. சனிக்கெழம வெச்சிக்கலாம்."

ராஜமேரி எந்தக் காரியத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னவள் அல்ல. புத்தியுள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். மரியசூசையோ, போட்டி வீரனுக்கு ஓய்வு முக்கியம் என்று தானே தீர்மானித்து, அந்த வாரம் முழுக்க வகுப்புக்குப் போகாமல் படுத்துத் தூங்கினான்.

சனிக்கிழமை காலை தக்காளி லோடு இறக்கிவிட்டு ஆண்டோ வந்து சேர்ந்தான். லாரி ஓட்டுகிறவன். கால் இரண்டும் தென்னைமரம் மாதிரி நீளம். வந்ததும் சண்டையை ஆரம்பிக்கலாம் என்றான் மரியசூசை. அக்கா விடவில்லை. தம்பிக்கு இட்லி கொடுத்தாள், காப்பி கொடுத்தாள், அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி என்று விசாரித்தாள். பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் கூடத்தில் பாயை விரித்தாள்.

"குக்கர்ல பருப்பு வெக்கறேன். மூணாவது விசில் வரைக்கும் நிமிந்தே இருந்தீங்கன்னா நீங்க ஜெயிச்சீங்க."

"ஆண்டோ, படு," என்றான் மரியசூசை. "கால இப்புடிப் பூட்டு. கை என் பொடனியில. நான் லேசா அசந்தாலும் சடார்னு இழுத்து, கழுத்த உன் கக்கத்துல வெச்சி இறுக்கிடு. என்னால முடியலன்னா தரையத் தட்டுவேன், வுட்டுடு."

"நீங்க ஏம் மாமா அசரப் போறீங்க?"

"மாட்டேன். தெரிஞ்சி வெச்சிக்கோன்னு சொல்றேன்."

தன்னை மடக்குவது எப்படி என்று எதிராளிக்குத் தானே பாடம் எடுத்த வீரன் இவன் ஒருவன்தான்.

ஆண்டோ இழுத்தான். மரியசூசை அசையவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்த மட்டில் நன்றாகத்தான் கற்றிருந்தான். இடுப்புக்கு மேல் முதுகு தூண் போல நின்றது. முழங்கை உள்ளே, பார்வை மேலே. முதல் விசில் வந்தது. ஆண்டோ பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். இரண்டாவது விசிலும் வந்தது.

"ஃபேன் எல்லாம் ஒட்டட. தொடைக்கறது இல்லியா?" என்றான் மரியசூசை, மேலே பார்த்தபடி.

"நிமிந்து பாத்தாத்தான் தெரியுதுங்க," என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

மூன்றாவது விசில் வரவில்லை.

"என்னா ராஜமேரி, விசிலக் காணோம்?"

"கேஸ் தீரப் போவுதோ என்னமோ. அந்த சிலிண்டரத்தான் நகத்தித் தர மாட்டேன்னுட்டீங்களே."

அப்போது கோயில் மணி அடித்தது.

நடுப்பகல் செபம். மைக்கில் உபதேசியார் குரல் வந்தது. அடுப்பைத் தணித்து வைத்திருந்த ராஜமேரி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, மாதா படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். வானதூதர் மாதாவுக்குச் செய்தி சொன்ன செபம் அது. அதில் கடவுள் மனிதராகப் பிறந்ததைச் சொல்லும் வரி வந்தால் எல்லாரும் முட்டி போட்டுத் தலைகுனிவார்கள். மரியசூசையின் அம்மா ஜெயராணி, அந்த வரிக்குக் குனியாத மகனின் உச்சந்தலையில் குட்டிக் குட்டியே வளர்த்தவள். குட்டு நின்று எத்தனையோ வருசம் ஆகிறது. தலை மறக்கவில்லை.

வரி வந்தது. முட்டி ஏற்கெனவே தரையில்தான் இருந்தது. பாக்கி இருந்த தலை, யாரையும் கேட்காமல், பக்தியோடு கவிழ்ந்தது.

ஆண்டோ சொல்லிக் கொடுத்தபடி சடாரென்று இழுத்தான். சொல்லிக் கொடுத்தபடி கக்கத்தில் வைத்து இறுக்கினான். மரியசூசை இரண்டு கையாலும் தரையைத் தட்டினான்.

மூன்றாவது விசில் அதற்கப்புறம் நிதானமாக வந்தது.

"இது அநியாயம்," என்றான் மரியசூசை கழுத்தைத் தடவிக்கொண்டு. "செபம் சொல்லும்போது இழுக்கலாமா?"

"குனியாம இருந்திருக்கலாமே நீங்க."

"எப்புடி இருக்கறது?"

"இருந்திருந்தா அத்தைக்கு போன் போட்டுச் சொல்லியிருப்பேன்."

"இவன் மட்டும் குனியலியே! இவனும் வேதக்காரன்தான?"

"அவன் மல்லாக்கப் படுத்திருக்கான். படுத்திருக்கறவன் எங்கங்க குனியறது?"

மறைக்கல்வி டீச்சரோடு செபத்தைப் பற்றி வாதாட முடியுமா?

மறுநாள் பாலக்கோட்டுப் பக்கம் அந்த கிராமத்தில் கோணி விரித்து உட்கார்ந்திருந்தான். முதுகு வில்லாக வளைந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஊற்றியது. கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்கவும் சத்தியம் விடவில்லை. அக்கா புருசன் தாமாகவே வந்து, தம்பி நல்லா உரிக்கிறீங்க என்று பாராட்டிவிட்டுப் போனார். ராஜமேரி புதுப் புடவையில், முகமெல்லாம் பூரிப்பாக, புருசன் உட்கார்ந்திருக்கும் பக்கமாகவே நாலு முறை போய் வந்தாள்.

"எல்லாம் உன்னாலதான்," என்றான் மரியசூசை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இந்நேரம் சேலத்துல மெடலோட நின்னுருப்பேன்."

"அந்தப் போட்டிய அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாங்களே. உங்க போனு செத்துக் கெடந்துதுன்னு மாஸ்டர் எனக்குத்தான் கூப்புட்டு சொன்னாரு. நாம பந்தயம் கட்டுறதுக்கு மொத நாளு."

வெங்காயம் உரித்த கத்தி நின்றது.

"அடிப்பாவி, அப்பவே ஏன் சொல்லல?"

ராஜமேரி பூண்டுக் கூடையை அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"சொல்லியிருந்தா இந்த ஒரு வருசத்துக்குத்தானங்க வந்திருப்பீங்க?"