பல முறை வந்துசேர்ந்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் தண்ணீர் இருந்தது, பக்கத்துக் காட்டில் இல்லை. கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் நிர்வாகம்.

மேல்காட்டில் சுனை வற்றியதும், சடையன் என்ற முள்ளம்பன்றி கீழ்க்காட்டுக்குக் குடிபோக முடிவு செய்தது. அங்கே ஒரு குளம் இருந்தது. ஆனால் கீழ்க்காட்டு யானை பொன்னரசியின் நினைவில் இருக்கும் மிருகங்கள் மட்டும்தான் அதில் வாய் வைக்கலாம். ஒவ்வொரு இனத்துக்கும் இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. மேல்காட்டு மிருகங்களை நினைவில் வைத்திருப்பது அங்காயி என்ற யானை. இரண்டு யானைகளும் தாமாக எதையும் மறப்பதில்லை. நேரில் பேசிக்கொள்வதும் இல்லை. ஒன்றின் பதிலுக்காக மற்றொன்று தழை தின்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் காடு என்னாவது என்று, பெரியவர்கள் நடுவில் கிளிகளை வைத்திருந்தார்கள்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். யானை தன் பாஷையில் சொல்லும். கிளிக்கு அது புரியாது. கேட்டதை அப்படியே அடுத்த யானையிடம் ஒப்பிக்கும். வழியில் பருந்து கழுத்தைப் பிடித்து விசாரித்தாலும் ரகசியம் வெளியே வராது. 'வந்து சேர்ந்தது' என்று பதில் கிளி திரும்பும்வரை, செய்திக் கிளி தினமும் போய் அதையே சொல்ல வேண்டும். அதனால் செய்தி தொலையவும் தொலையாது.

சடையன் அங்காயியிடம் போய் நின்றது.

"அம்மா, நான் கீழ்க்காட்டுக்குப் போறேன். ஒரு வார்த்தை சொல்லி விடுங்க."

"சொல்லி அனுப்பியாச்சு," என்றது அங்காயி, தழையை மென்றுகொண்டே.

"அப்ப நான் கிளம்பட்டுமா?"

"பதில் வரட்டும். வந்ததும் உன்னை என் நினைவிலிருந்து எடுத்துடுவேன். அப்புறம் போ. ஒரே ஆள் ரெண்டு காட்டுலயும் இருக்கக் கூடாது. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல."

கிளி போய் ஒப்பித்தது: 'ஒரு முள்ளம்பன்றி வருகிறது, சேர்த்துக்கொள்.' பொன்னரசி சேர்த்துக்கொண்டு பதில் கிளியை அனுப்பியது. பதில் கிளி வழியில் ஒரு கொய்யாத் தோப்பைப் பார்த்தது. பழம் நன்றாகப் பழுத்திருந்தது. ஏற்பாடு செய்த பெரியவர்கள் யாரும் கொய்யாப்பழத்தை யோசிக்கவில்லை. அவர்கள் யோசிக்கவும் மாட்டார்கள். அவர்கள் வீட்டில் தண்ணீர் வருகிறது.

மறுநாள் செய்திக் கிளி மறுபடியும் போய், 'ஒரு முள்ளம்பன்றி வருகிறது' என்றது. பொன்னரசி இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த நாளும் அப்படியே. பின்னால் போன பதில் கிளிகளும் அதே தோப்பில்தான் இறங்கின. நேற்றுச் சொன்ன அதே ஆளா என்று கேட்டிருக்கலாம். கிளியிடம் கேட்டால் அதற்குப் புரியாது. அங்காயியிடம் கேட்பதென்றால் இன்னொரு கிளியை அனுப்ப வேண்டும். மேய்கிற நேரத்தில் யார் அதைச் செய்வது?

தோப்பில் பழம் தீர்ந்த பிறகு முதல் பதில் கிளி மேல்காடு வந்து சேர்ந்தது. அந்த நிமிடமே அங்காயி சடையனைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்றது. காரியம் முடிந்தது என்று சடையன் சந்தோஷமாகக் கிளம்பியது. குளக்கரையை அடைந்தபோது அதற்கு நாக்கு வறண்டிருந்தது.

"மேல்காட்டு முள்ளம்பன்றிங்கம்மா. செய்தி வந்திருக்குமே."

"வந்துச்சே. தினமும் வந்துச்சு," என்றது பொன்னரசி. "முள்ளம்பன்றிக்கு ஒதுக்கின இடமெல்லாம் நிரம்பிடுச்சு."

சடையன் எட்டிப் பார்த்தது. கரையில் ஒரு முள்ளும் தென்படவில்லை.

"அவங்க எல்லாரும் நான்தாம்மா."

"எல்லாரும் நீன்னா, இப்ப பேசுறது யாரு?"

"அம்மா, நான் ஒருத்தன்தான் வந்திருக்கேன்."

"பொய் சொல்லாதே. காலையில எல்லா முள்ளம்பன்றியும் வந்து குடிச்சிட்டுப் போனாங்க. கொஞ்சம் ஊளையிட்டாங்க. மேல்காட்டுப் பழக்கம் போலன்னு விட்டுட்டேன்."

"மேல்காட்டுல என்னை மறந்துட்டாங்கம்மா. திரும்பிப் போகவும் முடியாது."

"பாரு, அங்க வேலை எவ்வளவு சுத்தமா நடக்குது," என்று பொன்னரசி மெச்சிக்கொண்டது.

புதருக்குப் பின்னாலிருந்து ஒரு நரி கூப்பிட்டது. "மாப்ளே, இங்க வா."

"என் பேர்ல குடிச்சது நீதானா?"

"நானும் என் மச்சான்களும். கோவிச்சுக்காதே. எங்க இனத்துக்கு இங்க இடமே ஒதுக்கல. அந்த அம்மா தினமும் 'முள்ளம்பன்றி வா'ன்னு கூப்பிடும், யாரும் போகமாட்டாங்க. தண்ணி சும்மா கிடக்கேன்னு நாங்க போனோம்."

நரியை வஞ்சகன் என்று கதை எழுதியவர்கள் யாரும் தாகத்தோடு வரிசையில் நின்றவர்கள் இல்லை.

"அப்ப நான் சாக வேண்டியதுதானா?" என்றது சடையன்.

"நீ ஏன் சாகணும்? செத்தவன் ஒருத்தன் இருக்கான். இந்தக் காட்டுக் கடமான் ஒண்ணு மேல்காட்டுப் பக்கம் மேயப் போய், புலி வாயில போயிடுச்சு. சாவுச் செய்தி இன்னும் இங்க வந்து சேரல."

சடையன் மறுபடியும் குளத்துக்குப் போனது.

"யாரு?" என்றது பொன்னரசி.

"கடமான்."

பொன்னரசி மேலும் கீழும் பார்த்தது. "கடமானுக்குக் கொம்பு தலையில மட்டும்தானே இருக்கும்?"

"பரவிடுச்சும்மா."

"அடப் பாவமே. சீக்கிரம் குடி."

சடையன் வயிறு முட்டக் குடித்தது. இன்று கீழ்க்காட்டில் அதுதான் மிகவும் மதிப்பான கடமான்.

நீதி: உன்னைப் பற்றிய செய்தி உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால், உன் தண்ணீரையும் அதுவே குடித்துவிடும். ஆகவே எங்கே போனாலும், செத்துப்போன வேறு யாராகவாவது போ.