நூற்றுக்கு நூறு வாங்கிய அடுப்பங்கரை

நெருப்பைக் கண்டுபிடித்தது மனித குலத்தின் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நெருப்பில் சமைக்கும் இடத்துக்கு 'ஏ', 'பி', 'சி' என்று தரம் பிரித்துச் சீட்டு ஒட்டியது எங்கள் நகரச் சுகாதார அலுவலகம். அங்கே சீட்டு ஒட்டும் மாபெரும் பொறுப்பு அடியேனுடையது. பசை டப்பாவும் என் வசமே.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் நாற்பது கேள்விகள். சாப்பாடு எப்படி இருக்கிறது என்ற கேள்வி மட்டும் கிடையாது. அது 'தனிநபர் அபிப்பிராயம்' என்று மூன்று கூட்டங்கள் போட்டு நீக்கிவிட்டோம்.

அன்று காலை ஆய்வு அதிகாரியும் நானும் போனது என் சொந்த அக்காவின் சாப்பாட்டுக் கடைக்கு. ஏற்கெனவே இரண்டு முறை 'சி'. மூன்றாவதும் 'சி' என்றால் பூட்டு. அக்காவுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

"தரை ஈரமா இருக்கே?" என்றார் அதிகாரி.

"இப்பத்தானே சார் கழுவி விட்டேன்!"

"கத்தியும் ஈரம்."

"அதையும் கழுவினேனே!"

"அடுப்பு சுடுதே?"

"சமைக்கிறேன் சார்!"

"ஒத்துக்கிட்டாங்க, எழுதிக்கோ," என்றார் என்னிடம்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், நீயாவது வாயத் திறந்து சொல்லேன்டா!"

திறந்தேன். கொட்டாவி விடுவதுபோல் நடித்து மூடிக்கொண்டேன். சொந்தபந்தம் பார்க்காமல் கடமையாற்றுவதுதானே எங்கள் அலுவலகத்தின் பெருமை! நூற்றுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண், மூன்றாவது 'சி'. கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தேன்.

அடுத்தது எதிரே இருந்த பெரிய ஓட்டல். மூன்று வருடமாக 'ஏ'. சமையலறையைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பாத்திரங்களில் விலைச்சீட்டுகூடக் கிழியவில்லை. அதிகாரி தன் கைக்குட்டையால் அடுப்பைத் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டைதான் அடுப்பை அழுக்காக்கியது. நூற்றுக்கு நூறு!

கடமை முடிந்ததும் பசித்தது. அங்கேயே உட்கார்ந்தோம். முதலாளி கையைப் பிசைந்தார்.

"இன்னிக்குச் சாப்பாடு இல்லீங்க."

"ஏன்?"

"தினமும் எதிர்க்கடை அக்காகிட்டதான் பின்வாசல் வழியா வாங்குவோம். அத நீங்கதானே காலைல பூட்டினீங்க?"

அதிகாரி அசரவில்லை. "அதனாலதான் இவ்வளவு சுத்தம்! ஊருக்கே முன்மாதிரி!" என்று அவர் கையைக் குலுக்கினார். ஆனால் வயிறு படிவம் படிப்பதில்லை. இருவரும் தெருவைக் கடந்தோம்.

அக்கா பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பின்வாசலப் பத்திப் படிவத்துல ஒண்ணும் இல்ல," என்று குழைந்தார் அதிகாரி. "அந்தப் பக்கமா ஏதாவது சமைச்சுக் குடுத்தீங்கன்னா..."

"எதுக்கு சார்? அடுப்பு ஆறிடுச்சு. தரை காஞ்சிடுச்சு. கத்தியில சொட்டுத் தண்ணி இல்ல. சாப்பிட வந்தவங்க எல்லாரும் பட்டினியாத் திரும்பிப் போயிட்டாங்க. இப்பப் போடுங்க மார்க்கு!"

அழுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள்.

அதிகாரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நாற்பது கேள்விகளையும் முணுமுணுத்து முடித்தார். முகம் மலர்ந்தது.

"நூத்துக்கு நூறு! 'ஏ' ஒட்டுப்பா!"

"பூட்டு, சார்?"

"அது இருக்கட்டும். திறந்தா மறுபடி சமைச்சுடுவாங்க."

பூட்டின் மேலேயே ஒட்டினேன்.

இன்று எங்கள் நகரில் 'ஏ' வாங்காத உணவகமே இல்லை. அவசியம் வந்து பாருங்கள். சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். இங்கே சமைத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் கடையை இந்தக் கையால்தான் பூட்டினேன்.