பட்டப்பகலில் டார்ச் அடித்தவர்

கோயம்புத்தூரிலிருந்து சென்னிமலை வரைக்கும் எந்தெந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் டார்ச் சார்தான். கடவுளுக்குக்கூட அவ்வளவு தெரியாது. கடவுள் குனிந்து பார்ப்பதில்லை.

சார் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்றவர். மாடிப்படிக்கு அடியிலும் மாட்டுக் கொட்டகை மூலையிலும் ஒளிந்திருக்கும் மீட்டர்களை டார்ச் அடித்துத் தேடித் தேடியே காலம் தள்ளியவர். வேலையை விட்டும் டார்ச்சை விடவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் யார் வீட்டு வாசலிலாவது ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு நின்றால், அந்த வீட்டில் ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறது என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

காரணம் இதுதான். பீளமேட்டுப் பக்கம் பம்புசெட் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி, கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டப்படிப்பு படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு டிரஸ்ட் மூலம் ஸ்காலர்ஷிப் கொடுத்துவந்தார். விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து, கஷ்டம் உண்மைதானா என்று எழுதிக்கொடுப்பது டார்ச் சாரின் வேலை. "அதென்ன சார் கம்ப்யூட்டருக்கு மட்டும்?" என்று ஒரு பையன் கேட்டானாம். "பம்புசெட்டு நாங்களே பண்ணிக்கறோமுங்க. இந்தக் கம்ப்யூட்டரு ஒண்ணுதான் எங்களுக்குப் பிடிபட மாட்டீங்குது" என்றாராம் முதலாளி.

வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நம்மை ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு பரீட்சை வைப்பார். நானும் விண்ணப்பித்திருந்தேன்; கம்ப்யூட்டர் பரீட்சை என்று நினைத்து ஜாவாவைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போனேன். அவர் தன் செல்போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதுல தெனமும் காலங்காத்தால எங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் குட்மார்னிங் அனுப்பறாங்க கண்ணு. அது சத்தம் போடாம இருக்கோணும். ஆனா நிறுத்துனது அவங்களுக்குத் தெரியப்படாது. மனசு நோகும் பாருங்க."

குரூப்பை மியூட்டில் போட்டுக் கொடுத்தேன். அரை நிமிட வேலை. மனிதர் என்னை ஏதோ ராக்கெட் விட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அடுத்த வாரமே எனக்கு போன் வந்தது. "கண்ணு, ஒருத்தருமே குட்மார்னிங் சொல்றதில்லையாட்டத் தெரியுது. காலைல எந்திரிச்சா வெறிச்சுனு இருக்குது. பழையபடி பண்ணிக் குடுத்தர்றீங்களா?" மறுபடியும் பஸ் ஏறிப் போய்ச் சத்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு அப்பாவியாக இருக்கிறாரே, வீடு பார்க்கும்போதும் ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தவர்கள் எல்லாம் மண்ணைக் கவ்வினார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், மகனுக்கு ஸ்காலர்ஷிப் வாங்க வேண்டுமென்று காரைக் கொண்டுபோய் மச்சான் வீட்டில் நிறுத்திவிட்டார். மனைவியின் நகையைக் கழற்றி வைத்தார். கிழிந்த பனியனைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து இருமினார். எல்லாம் ஒழுங்காகச் செய்தவர், நாயை மறந்துவிட்டார். டார்ச் சார் ஒரு தட்டில் பழைய சோறு கேட்டு வாங்கி அந்த நாயின் முன்னால் வைத்தார். நாய் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பழைய சோறு திங்காத நாய் இருக்கற ஊட்டுக்கு எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பிவிட்டார். அந்தப் பையன் ஹாஸ்டலில் மூன்று நாள் அந்த நாயைத் திட்டிக்கொண்டிருந்தான்.

இன்னொரு விஷயம். விண்ணப்பித்தவர்கள் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அப்படியே வைத்துவிடுவார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை. களத்தில் தேங்காய்ப் பருப்பு காயவைத்து அள்ளுவது. வீட்டில் முதல் பட்டதாரி என்ற சலுகை கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கைக் குறைத்தது. மீதிக்கும் ஹாஸ்டலுக்கும் முதல் வருஷம் அம்மாவின் கம்மலும் சங்கிலியும் போயின. இரண்டாம் வருஷத்துக்குப் போவதற்கு வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. ஸ்காலர்ஷிப் கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டுப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போவது என்று நான் மனதுக்குள் முடிவு செய்து, எந்தக் கம்பெனி பஸ் எங்கள் ஊருக்கு வருகிறது என்பது வரைக்கும் விசாரித்துவிட்டேன்.

அம்மாவுக்கு போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை ஒருத்தர் ஊடு பாக்க வருவாரும்மா. இருக்கறது இருக்கறபடி இருந்தாப் போதும்."

"ஒறம்பரை வாராங்கன்னா சும்மாவா கண்ணு உடறது" என்றாள் அம்மா.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் ஒறம்பரை என்று வீட்டுக்கு ஒரு ஆள் வந்துவிட்டால் இல்லை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாதபோதும், "சோறு உண்டுபோட்டுப் போலாமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்கு அரிசி வாங்க ஓடுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டைத் தாண்டி நான்கு வீடு போய்த் திரும்பி வந்தேன். வாசலில் ஆறு புது நாற்காலி. உள்ளே ஒரு சோபா. சோபாவுக்குப் பக்கத்தில் ஆளுயர ஃப்ரிட்ஜ். அலமாரி நிறைய எவர்சில்வர். எங்கள் தெருவில் அன்றைக்கு யார் வீட்டிலும் உட்கார நாற்காலியும் இல்லை, குடிக்க டம்ளரும் இல்லை.

"அம்மா, அவரு நாம கஷ்டப்படறமான்னு பாக்க வாராரு."

"அதுக்குன்னு வந்தவங்களைத் தரையிலயா உக்கார வெப்பாங்க?"

"ஃப்ரிட்ஜு எதுக்கு?"

"சில்லுனு தண்ணி குடுக்க வேண்டாமா? வெயில்ல வாராரில்ல."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா அவரைச் சென்னிமலை முருகன் கோயிலுக்கு அனுப்பிவிட்டாள். பொழுது சாய்ந்துதான் திரும்ப வேண்டும் என்று உத்தரவு.

டார்ச் சார் பத்து மணிக்கு வந்தார். மொபெட்டை நிறுத்திவிட்டு நேராக மீட்டரிடம் போனார். டார்ச் அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார். அப்புறம் உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் அடித்தார், ஓட்டுக் கூரையில் அடித்தார், கடைசியில் ஃப்ரிட்ஜின் மேல் வெளிச்சத்தை நிறுத்தினார்.

"ஃப்ரிட்ஜு எப்ப வாங்குனதுங்க அம்மணி?"

"அது ஆச்சுங்க, ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமா ஃப்ரிட்ஜு ஓடுது. மீட்டரு ஓடலீங்களே."

அம்மா அசரவில்லை. ஒரு டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினாள். சார் வாங்கி, குடிக்காமல், டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி அடிப்பக்கம் டார்ச் அடித்தார். நம் ஊரில் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் யார் வைத்திருக்கிறார்கள்?

"கிட்டுசாமின்னு இருக்குது. யாருங்க?"

"என்ர கொழுந்தனாருங்க. எங்க கல்யாணத்துக்கு வெச்சது."

பலகாரத் தட்டையும் அப்படியே தூக்கிப் பார்த்தார். "இது வேலுமணி."

"பெரியப்பா ஊடுங்க. அதும் கல்யாணத்துக்கு வந்ததுதான்."

சொம்பை எடுத்தார். "இதுல 'சரசாள் கல்யாணத்துக்கு அன்பளிப்பு'ன்னு போட்டிருக்குதுங்களே. உங்க பேரு சரசாளுங்களா?"

அம்மா ஒரு விநாடி யோசித்தாள். "கடைக்காரரு பேரை மாத்தி வெட்டிப்போட்டாருங்க. நல்ல நாளும் அதுவுமா நாங்களும் ஒண்ணும் சொல்லலீங்க."

அந்த நேரம் பார்த்து, சரசாள் வந்தார். பக்கத்து வீட்டு அக்கா, புழக்கடைக் கதவு வழியாக. "ஏனக்கா, ஒறம்பரை போயாச்சா? ஃப்ரிட்ஜுக்குள்ள என்ர மாவு இருக்குது, இட்லிக்கு எடுத்துக்கறேன்" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், சாரைப் பார்த்ததும் மாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வந்த வழியே போய்விட்டார். சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சொம்பைத் துண்டால் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தார். பையிலிருந்து ஸ்காலர்ஷிப் பாரத்தை எடுத்தார்.

"நான் பாத்தது பாத்தாச்சுங்க. இனி நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லி, கையெழுத்துப் போடோணும். உங்க புள்ளை படிப்புக்கு உதவி வேணுமுங்களா?"

அவ்வளவுதான். ஆமாங்க என்று ஒரு வார்த்தை. நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தேன். அம்மாவின் காதில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. அந்தக் காதை முந்தானையால் மூடிக்கொண்டு அம்மா சொன்னாள்: "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நல்லா இருக்கறோம்."

என் அம்மாமேல் என் ஆயுளில் அவ்வளவு கோபம் வந்ததில்லை. ஓடிப்போய் உண்மையைக் கொட்டிவிடலாமென்று ஒரு அடி எடுத்துவைத்தேன். சார் என்னைப் பார்க்காமலேயே, இருங்க என்பதுபோல் கையைக் காட்டினார்.

அவர் பாரத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சம் திக்கித் திக்கிப் பேச ஆரம்பித்தார்.

"அம்மணி, நானொண்ணு சொல்லட்டுங்களா? வெளிய சொல்லிராதீங்க. இந்த வருசம் எங்க டிரஸ்ட்டுல குடுக்கற பணத்தை வாங்கிக்க ஆளில்லாம மிஞ்சிப்போச்சு. மிஞ்சுனா மொதலாளி என்னைத்தான் கேப்பாரு. நீ ஒழுங்கா ஊடு ஊடாப் போகலையான்னு வேலையை உட்டு நிறுத்திப்போடுவாரு. உங்களுக்குத் தேவையில்லைங்கறது எனக்குத் தெரியுது. எனக்கு ஒரு ஒத்தாசையா நெனச்சு வாங்கிக்கிட்டீங்கன்னா, இந்த வயசுல நான் தப்பிச்சுக்குவேனுங்க."

சொல்லிவிட்டுத் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷம் எங்கள் கல்லூரியிலிருந்து மட்டும் எத்தனை பேர் அந்த ஸ்காலர்ஷிப்புக்குக் கியூவில் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும். மனிதர் பச்சைப் பொய் சொல்கிறார்.

அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "அட, இதுக்குப் போயா இவ்வளவு வெசனப்படறீங்க. உங்களுக்கு ஒரு கஷ்டம்னா நாங்க பாத்துட்டு இருப்பமுங்களா? குடுங்க, வாங்கிக்கறோம்."

பேனாவை வாங்கியவள் பாரத்தைப் படித்தாள். 'எங்கள் குடும்பத்துக்கு இந்த உதவி தேவை' என்று அச்சடித்திருந்தது. பேனா அங்கேயே நின்றது. சார் உடனே பேனாவை வாங்கி அந்த வரியைக் குறுக்கே அடித்தார். 'இந்த உதவியைப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறோம்' என்று தன் கைப்பட மேலே எழுதினார். "பிரஸ்காரன் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அடிச்சுப்போடறானுங்க."

அம்மா கையெழுத்துப் போடவில்லை. "ஒரு வாய் சோறு உண்டீங்கன்னாத்தான் போடுவேன்" என்றாள்.

விண்ணப்பித்தவர் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காத டார்ச் சார், சம்மணம் போட்டு உட்கார்ந்து கோழிக் குழம்பும் சோறும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான்காம் தடவை அம்மா கரண்டியோடு வந்தபோது, இலையை மறைத்துக்கொண்டு, "போதுமுங்க அம்மணி, வேலை போனாலும் பரவாயில்லைங்க" என்றார். கையெழுத்து விழுந்தது.

மீதி மூன்று வருஷமும் பணம் தவறாமல் வந்தது. நான் பட்டம் வாங்கினேன். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு செமஸ்டர் லீவுக்குப் போகும்போதும் அம்மா மறக்காமல் கேட்பாள்: "அந்தச் சாருக்கு வேலை இருக்குதா கண்ணு?" நானும் இருக்குதும்மா என்பேன்.

முதல் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனபோது மனசு கேட்காமல் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பணம் மிஞ்சவும் இல்லை, சாருக்கு வேலை போகிற நிலைமையும் இல்லை, உன் வாயால் கேட்க வைக்கக் கூடாதென்று அப்படிச் சொன்னார் என்றேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே."

"தெரிஞ்சுமா ஏதோ நீ அவருக்குக் குடுக்கறாப்பல பேசினே?"

"பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன் கண்ணு. வேர்த்து ஊத்திப்போச்சு. நமக்காக அத்தனை செரமப்பட்டு ஒண்ணு சொல்றப்ப, நம்பலீன்னா அவரு மனசு என்ன பாடுபடும்?"

அன்று அம்மாமேல் கோபப்பட்டதை நினைத்து வெட்கமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே சாருக்கு போன் செய்தேன். இப்போதாவது வெளிப்படையாக நன்றி சொல்லிவிட வேண்டுமென்று வாக்கியங்களை எழுதியே வைத்திருந்தேன். "சார், அன்னிக்கு நீங்க எங்கம்மாகிட்டச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அம்மா நல்லா இருக்காங்களா கண்ணு? அவங்க புண்ணியத்துலதான் அன்னிக்கு என்ர வேலை தப்பிச்சுது. மறக்க மாட்டேன்னு சொன்னேன்னு சொல்லுங்க."

எழுதி வைத்திருந்ததை எல்லாம் மடித்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலில் காட்டிக்கொள்ளாமல், "சொல்லிடறேனுங்க சார்" என்றேன்.